வேர் இறங்காத கொல்லை

அக்காவை அழைத்து வருவதற்காகத்தான் நான் பாகூருக்குப் போனேன். கும்பகோணத்துக்குக் கிழக்கே காவிரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் பாகூர் ஒன்றும் கடல் கடந்த தேசம் இல்லை. ஆனாலும் அது பிரெஞ்சுக்காரன் சீமை. கொடி வேறு, சட்டம் வேறு, சர்க்கார் கச்சேரியில் பேசும் பாஷை வேறு. அக்கா தையல்நாயகி அங்கே வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து, "பெண்ணை வெளிதேசத்தில் கொடுத்துவிட்டேன்" என்றே அம்மா ஊரெல்லாம் சொல்லி வந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த உறவினர் சேதி கொண்டு வந்தார். அக்கா வீட்டுக் கரும்புக் கொல்லை விளையவில்லையாம். அத்தான் முருகேசன் வேலை தேடிச் சைகோனுக்குக் கப்பல் ஏறப்போகிறாராம். அவர் திரும்ப எத்தனை வருஷம் ஆகுமோ, அதுவரை பெண் அங்கே என்னத்துக்கு இருக்க வேண்டும், போய்க் கூட்டிக்கொண்டு வா என்றாள் அம்மா. நான் அப்போது சர்க்கார் விவசாயப் பண்ணை ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். லீவு கேட்டேன், கிடைத்தது.

அம்மா சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். காவிரியில் புதுவெள்ளம் வரும்போது முதலில் பார்த்துவிட்டு, தெருக்கோடியிலிருந்தே கூவிக்கொண்டு ஓடிவருகிறவள் அக்கா. அவள் போன பிறகும் வெள்ளம் வருகிறது. ஓடி வந்து சொல்லத்தான் ஆளில்லை.

கடலூரில் ரயிலை விட்டு இறங்கி, பாகூர்ப் பக்கம் போகும் கூட்டு வண்டி ஒன்றில் இடம் பிடித்தேன். எனக்கு முன்பே ஒரு கருவாட்டுக் கூடை ஏறி உட்கார்ந்திருந்தது. கூடைக்கு அடுத்தாற்போல் அதன் சொந்தக்காரி, பனித்திட்டு மீன்பிடிக் குப்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி. கூடையின் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கண்டுகொண்டு, கடல் காற்றுப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். காற்றும் கூடையைக் கடந்துதான் வந்தது.

ஆடி மாதம். பெண்ணையாற்றில் மணல்தான் அதிகம், நடுவில் ஒரு கால்வாய் அளவுக்குத் தண்ணீர். மணலில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் கடையாணி நழுவி, வலது சக்கரம் தன் வழியே உருண்டு போய்ப் படுத்துக்கொண்டது. வண்டி சாய்ந்தது. நான் விழுந்தேன். என் மடியிலிருந்த மாவடு ஜாடியும் விழுந்து உடைந்தது. அம்மா அக்காவுக்கென்று பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட மாவடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கருவாட்டுக்காரி மணலில் சிதறிய வடுக்களைப் பொறுக்கி, ஆற்றுத் தண்ணீரில் அலசி, ஓர் இலையில் கட்டித் தன் கூடைக்குள் வைத்துக்கொண்டாள். உப்பில் ஊறிய பண்டம், தண்ணீர் பட்டால் கெடாது என்றாள். பாகூரில் அதை என்னிடம் கொடுத்தபோது மாவடுவுக்குப் புதிய வாசனை ஒன்று சேர்ந்திருந்தது.

சக்கரத்தை மாட்டி வண்டி கரையேறியதும், பிரெஞ்சு எல்லை எங்கே தொடங்குகிறது என்று வண்டிக்காரரைக் கேட்டேன். சாட்டையால் காட்டினார்.

"அதோ புளியமரம், அது இங்கிலீஷ்காரனுது. அந்தாண்ட பனமரம் பிரெஞ்சுக்காரனுது. நடுவுல மேயுது பாரு ஆடு, அது ரெண்டு பேருக்கும் பொது."

அக்கா வீடு ஊருக்கு வெளியே, தார் காணாத ரோட்டை ஒட்டிய கொல்லைக்குப் பின்னால் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா தம்பி, இப்டி எளச்சிப்பூட்ட?"

எங்கள் பக்கத்தில் 'என்னடா' என்போம். அவள் 'இன்னாடா' என்றாள். அத்தனை நாள் பிரிவில் எனக்கு எது உறைக்கவில்லையோ, அது அந்த ஓர் எழுத்தில் உறைத்தது. ஆனால் மாவடுவைக் கடித்துப் பார்த்து, "அம்மா இந்தத் தடவை வெளக்கெண்ண கொறச்சிப்பூட்டாங்க" என்று சொன்னபோது பழைய அக்காவாகவே இருந்தாள். கருவாட்டு வாசனையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அத்தானின் தாயார் அஞ்சலையம்மாள் என்னை நன்றாகவே உபசரித்தார். மூன்று வேளையும் அரிசி தின்று வளர்ந்தவனுக்கு அங்கே காலையில் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும். முதல் நாள் கஷ்டப்பட்டேன். இரண்டாம் நாள் இன்னொரு மொந்தை கேட்டேன்.

அந்த இரண்டாம் நாள் காலையில்தான் கொல்லையைப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே நாளில் நட்ட கரும்பு, ஒரே ஏரித் தண்ணீர், ஒரே எரு. கிழக்கே, கீழண்டைப் பாதி என் நெஞ்சுக்கு மேல் நின்றது. மேற்கே, மேலண்டைப் பாதி முழங்காலைத் தாண்டவில்லை. இலையெல்லாம் மஞ்சள் பூத்து, இரண்டு நாள் வெயிலுக்கே சுருண்டிருந்தது. அத்தான் அதன் பக்கம் திரும்பாமலே பேசினார். மழை பெய்தால் தண்ணீர் மேலேயே குளம் கட்டி நிற்கிறது, வெயில் அடித்தால் மறுநாளே வாடுகிறது, எத்தனை எரு கொட்டியும் பயனில்லை, முனீசுவரனுக்குக் கிடா கூட வெட்டியாயிற்று என்றார்.

வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது கரைக்கு அந்தப் புறம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தி கொல்லை ஏன் அப்படிக் கிடக்கிறது என்று கேட்க, மற்றவள் சொன்னாள்: "அந்தத் தஞ்சாவூர்ப் பொண்ணு காலு வெச்ச வருசத்துலேர்ந்து அப்டிதான் கீது."

அக்காவிடம் கேட்டேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. எல்லாரும் சொல்வதுதான் என்றாள். மாமியார் நேராகச் சொன்னதில்லை, ஆனால் நடவு நாளில் தன்னை வீட்டுக்குள்ளேயே வேலையாக வைத்துவிடுவார் என்றாள். பிறகு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நானும் அப்டித்தான் நெனச்சேன்டா. ஒரு வருசம் பூரா மேலண்ட பக்கம் காலே வெக்காம இருந்து பார்த்தேன். அப்பவும் வளரல."

காவிரிக்கரை முழுக்க ஓடித் திரிந்த கால் அது.

அன்று சாயங்காலமே அத்தானிடம் சொல்லி இரண்டு பாதிக்கும் தண்ணீர் பாய்ச்ச வைத்தேன். காய்ந்த மண் எங்கும் இறுகித்தான் இருக்கும். ஈரமாக இருக்கும்போது குத்திப் பார்த்தால்தான் மண்ணின் குணம் தெரியும். மறுநாள், நான் வந்த மூன்றாம் நாள், நீளமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழண்டையில் கம்பி ஒரு முழத்துக்கு மேல் அலட்டாமல் இறங்கியது. மேலண்டையில் ஒரு சாண் போனதும் நின்றுவிட்டது. என் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். கம்பி வளைந்ததே தவிர இறங்கவில்லை. நாலைந்து இடம் மாற்றிக் குத்தினேன், எங்கும் அதே ஆழத்தில் அதே நிறுத்தம்.

பிறகு இரண்டு பாதியிலும் கரும்புத் தூருக்குப் பக்கத்தில் குழி தோண்டினோம். கீழண்டைக் குழியில் வேர்கள் நூல் நூலாக இடுப்பளவு ஆழம் வரைக்கும் போயிருந்தன. மேலண்டைக் குழியில் மேல்மண் ஒரு சாண் பொலபொலவென்று வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு, தளம் போட்டாற்போல. மண்வெட்டி பட்டால் டங்கென்றது. வேர்கள் அதுவரைக்கும் நேராக இறங்கி வந்து, அதைத் தொட்ட இடத்தில் நுனி தடித்துப்போய், பக்கவாட்டில் திரும்பி, அந்த அடுக்கின் மேலேயே படர்ந்து கிடந்தன. பழைய வெடிப்பு ஒன்று இருந்த இடத்தில் மட்டும் நாலு வேர் எப்படியோ நுழைந்து கீழே போயிருந்தன.

வேருக்குள்ளும் ஒரு விசை உண்டு. மண்துகளை விலக்கிக்கொண்டுதான் அது வளர்கிறது. துகள்கள் நெருங்கி இறுகிவிட்டால் விலக்க இடமில்லை, மூச்சு விடக் காற்றில்லை, கீழே தண்ணீர் இருந்தும் எட்டுவதில்லை. நாட்டுக் கலப்பை நாலு விரல்கடை கிளறிவிட்டுப் போய்விடும், இந்த அடுக்கைத் தொடாது. நெல் நட்டிருந்தால் ஓரளவு பிழைத்திருக்கும். கரும்பு ஆழம் தேடும் பயிர். இதைத்தான் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் எப்போதோ பாரம் ஏறியிருக்க வேண்டும், அதுவும் ஈரத்தில் என்றேன்.

அத்தானுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அஞ்சலையம்மாள் குழி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, அந்தச் சாம்பல் அடுக்கைக் கையால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"ஏரிக் கலிங்கு கட்டசொல்ல கல்லு வண்டிங்க இங்கதான் நின்னுச்சி" என்றார். "ரெண்டு மழைக்காலம். இவன் அப்ப காரைக்கால்ல வேலைக்குப் போயிருந்தான். வண்டிக்காரங்களுக்கு நாந்தான் கூழு ஊத்துனேன்."

ஏரியின் உபரித் தண்ணீர் வழிவதற்கான கலிங்கு அது. பிரெஞ்சு சர்க்கார் அந்த வேலைக்காக அந்தப் பாதிக் கொல்லையை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்திருக்கிறது. பாறை ஏற்றிய வண்டிகள் சேற்றில் வந்து நின்று திரும்பின இடம். அது முடிந்த தை மாதத்தில்தான் என் அக்காவுக்குக் கல்யாணம்.

அக்கா வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்து நான் சொன்னேன்: "இந்த மண்ணை மிதிச்சது உன் கால் இல்லக்கா. வண்டிச் சக்கரம்."

அவள் நடந்து வந்து மேலண்டைப் பாதியின் நடுவில் போய் நின்றாள். அவ்வளவுதான்.

அஞ்சலையம்மாள் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மத்தியானம் பனித்திட்டிலிருந்து வந்த கொடுவா மீன் குழம்பு. அந்த வீட்டில் மீன்தலை ஆண்களுக்குத்தான் போகும். அவர் அகப்பையால் தலையை எடுத்து, ஒரு கணம் பிடித்திருந்து, அக்காவின் வட்டிலில் வைத்தார். அத்தான் தன் வட்டிலைப் பார்த்தபடி சாப்பிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு முள்ளெடுத்துச் சாப்பிட்டாள். அவளுக்கு முள் எடுக்க அத்தனை நேரம் ஆகாது.

நாலாம் நாள் நானும் அத்தானும் வில்லியனூருக்குப் போனோம். எனக்கு மேலண்டைப் பாதியில் போடச் சணப்பு விதை வேண்டும். அவருக்குச் சைகோன் சமாசாரம் வேண்டும். இரண்டும் ஒரே கடையில் கிடைத்தன. கடைக்காரர் யூசுப் பாயின் தம்பி சைகோனில் துணி வியாபாரம். ஏம்பலம் வழியாகப் போனோம். சாலையின் இரு பக்கமும் ஆளுயரக் கரும்பு. அத்தான் அதையெல்லாம் பார்க்காதவர்போல வந்தார். தோணியில் ஏறினாலே தனக்குத் தலை சுற்றுமே, கப்பலில் எப்படிப் போவது என்று ஒரு முறை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

வில்லியனூர்த் தேரடி நிழலில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் கையை ஆட்டி ஆட்டிப் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசாங்க விஷயம் ஏதோ என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அத்தானுக்கு அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். காது கொடுத்துக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உன் வண்ணான் என் சட்டையைக் கிழிச்சிட்டான், நீயே வேற சட்டை வாங்கிக் குடுங்கறாரு அவுரு. அது என் வண்ணான் இல்ல, உன் வண்ணாங்கறாரு இவுரு."

யூசுப் பாய் எங்களை உட்காரவைத்து, வீட்டுக்குள்ளிருந்து தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம் வரவழைத்தார். எங்கள் ஊரில் ஆப்பம் தடிப்பு. இது ஓரமெல்லாம் முறுகி, காகிதம்போல ஒடிந்தது. சைகோனில் கிடங்குக் காவல் வேலைக்கு நம்பிக்கையான ஆள் தேவைப்படுகிறது, தம்பியிடம் சொல்லிச் சேர்த்துவிடலாம் என்றார் பாய். விதையை அளந்தபடி என்னைப் பார்த்து, சணப்பு போட்டால் நிலம் எப்போது சரியாகும் என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். முதலில் மண் அரைப்பதமாகக் காய்ந்திருக்கும்போது கடப்பாரை போட்டு வரிசை வரிசையாக அந்த அடுக்கை உடைக்க வேண்டும், தழையும் எருவும் போட்டு நிரப்ப வேண்டும். பிறகு சணப்பு, அதற்குப் பின் துவரை. ஆழம் போகும் வேர்கள். அவை செத்து மக்கினால் போன தடம் துளையாக நிற்கும். அடுத்து வரும் வேர் அந்தத் துளை வழியே இறங்கும். இரண்டு வருஷமாவது கரும்பை நினைக்கக்கூடாது. அதற்குள் ஈரத்தில் ஒரு வண்டி கூட ஏறக்கூடாது.

அத்தான் ஆப்பத்தைக் கீழே வைத்தார். "ரெண்டு வருசம் இன்னாத்தத் துன்றது மச்சான்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவரே யோசித்து முடித்துவிட்டார் என்பது வண்டியில் திரும்பும்போது தெரிந்தது. கொல்லை செத்துவிட்டது என்று போகவிருந்தவர், இப்போது கொல்லை பிழைப்பதற்காகப் போகிறேன் என்றார்.

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அத்தான் எப்படியும் போகிறார். அக்காமேல் இருந்த பழி போய்விட்டது. தலை நிமிர்ந்து என்னோடு வருவாள். மறுநாள் புறப்பாடு. அம்மா அவளுக்கென்று எந்த மூலையை ஒழித்து வைத்திருப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அக்கா மூட்டை கட்டவில்லை. கடப்பாரையோடு மேலண்டைப் பாதியில் நின்றாள். குட்டைக் கரும்பைப் பிடுங்கி வரப்பில் அடுக்கியிருந்தாள். பக்கத்தில் அஞ்சலையம்மாள் கூடையில் தழை அள்ளிக்கொண்டிருந்தார். வண்டி வந்துவிட்டது என்றேன். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் வரலடா."

அம்மா காத்துக்கொண்டிருப்பாள் என்றேன். தெரியும் என்றாள். அத்தான் கொல்லைக்கு ஆள் வைத்துக்கொள்ளட்டும், வழியைத்தான் நான் சொல்லிவிட்டேனே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இத்தினி வருசம் பழியோட இருந்தேன். பழி போன ஒடனே கெளம்பிட்டா, இன்னா அர்த்தம் அதுக்கு?" என்றாள். பிறகு, "அவுரு வந்து எறங்கறப்ப இங்க ஒரு பயிர் நிக்கணும்டா" என்றாள்.

அவளுக்கு அந்தக் கம்பியையும் குழியையும் காட்டாமல் இருந்திருந்தால் என்னோடு வந்திருப்பாளோ? வண்டி ஊரைத் தாண்டும் வரை அந்த நினைப்புத்தான். ஆனால் அந்தப் பழியோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய் அம்மா முன்னால் நிறுத்தியிருக்கவும் என்னால் முடியாது.

திரும்பும் வழியில் சுங்கச் சாவடியில் இறக்கிச் சோதித்தார்கள். பிரெஞ்சு எல்லையிலிருந்து வருகிறவன் மூட்டையில் சாராயமோ சில்க்கோ இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. என் மூட்டையில் இருந்தது அந்தச் சாம்பல் அடுக்கின் ஒரு கட்டி, மேலே வேர் படர்ந்தபடி. பண்ணை அதிகாரிக்குக் காட்ட எடுத்து வந்தேன். உள்ளே ஏதோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று சிப்பாய் பிரம்பால் அடித்தார். உடையவில்லை. கல்லில் மோதினார். ஒரு மூலை மட்டும் பெயர்ந்தது. வெறும் மண் என்று கண்டதும், இதற்கா தீர்வை கேட்பது என்று அலுத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்.

ஊரில் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் இறங்கின பிறகும் இன்னொரு முறை பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மீன்தலையைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "ஆமாம், அவளுக்குத் தலைதான் பிடிக்கும்" என்றாள்.

அத்தான் போய்ச் சேர்ந்தார், காவல் வேலையில் இருந்தார், பணமும் அனுப்பினார். இரண்டு வருஷத்தில் திரும்புவதாகத்தான் பேச்சு. அதற்குள் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கி, பிறகு கீழைக் கடலுக்கும் பரவி, சைகோன் கப்பல் நின்றுபோயிற்று. சேதியும் நின்றது. யூசுப் பாயின் தம்பியைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை. இதை எழுதும் இன்று வரை அப்படித்தான்.

போன மார்கழியில் மறுபடியும் பாகூருக்குப் போனேன். முன்பு ரோட்டில் நின்றாலே மேலண்டைக் கொல்லைக்கு மேலாக அக்கா வீட்டு வாசலும் அடுப்புப் புகையும் தெரியும். இப்போது வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். என் தலைக்கு மேல் இன்னோர் ஆள் உயரத்துக்குக் கரும்பு. வீடு தெரியவில்லை, புகை தெரியவில்லை. அக்கா என்று கூப்பிட்டேன். உள்ளே எங்கோ கரும்பின் காய்ந்த சோகையை உரிக்கும் சத்தம் நின்றது.

"இருடா, வரேன்" என்று குரல் மட்டும் வந்தது.

நான் ரோட்டிலேயே நின்றேன்.